வீட்டுக் கணினியில் எந்தப் பாகம் என்ன வேலை செய்கிறது? பழைய கணினியில் எதை மாற்ற வேண்டும்?

கேள்வி: நொய்யல்கரை

அனைவருக்கும் வணக்கம்.

என் மகள் பதினோராம் வகுப்பில் கணினி அறிவியல் படிக்கிறாள். உள்ளீட்டகம், மையச் செயலகம், நினைவகம், வெளியீட்டகம் என்று கட்டங்களைப் போட்டு அம்புக்குறிகளால் இணைக்கும் படத்தை அவளால் புத்தகத்தைப் பார்க்காமலே வரைய முடிகிறது. ஆனால், வீட்டிலுள்ள கணினிப் பெட்டியின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி, அந்தக் கட்டங்கள் இதில் எங்கே இருக்கின்றன என்று கேட்டபோது, மின்விசிறியையும் கம்பிகளையும் தவிர வேறெதையும் அவளால் காட்ட முடியவில்லை, எனக்கும் தெரியவில்லை. அப்போது அவள் கேட்டதை அப்படியே இங்கே வைக்கிறேன்: "ரேமும் தகவலை வைத்துக்கொள்கிறது, ஹார்டு டிஸ்க்கும் தகவலை வைத்துக்கொள்கிறது என்றால், ஒரே வேலைக்கு ஏன் இரண்டு பாகங்கள்? பெரிதாக ஒன்றை மட்டும் வைத்தால் போதாதா?"

இதோடு சேர்ந்த நடைமுறைச் சிக்கல் ஒன்றும் இருக்கிறது. எங்கள் கணினி 2016இல் வாங்கியது. இன்டெல் கோர் ஐ3-6100 செயலி, 4 ஜிபி ரேம், 500 ஜிபி ஹார்டு டிஸ்க், விண்டோஸ் 10 ஆகியவை அதில் உள்ளன. வீட்டிலிருந்தபடியே சில சிறு நிறுவனங்களுக்குக் கணக்கு எழுதித் தருகிறேன். தமிழில் கடிதங்களும் தட்டச்சு செய்கிறேன். இப்போதெல்லாம் கணினி இயங்கத் தொடங்கவே நெடுநேரம் ஆகிறது. உலாவியில் நான்கைந்து பக்கங்களைத் திறந்தால் அசைவதே இல்லை. இரவில் சுவரில் உள்ள சுவிட்சை அணைத்துவிட்டால், மறுநாள் தேதி பல ஆண்டுகள் பின்னால் போய்விடுகிறது. அன்று பல இணையதளங்கள் திறக்க மறுக்கின்றன. சில நாட்களில் மின்விசிறி சுழலும், ஆனால் திரையில் எதுவும் வராது. கடைக்காரர் ரேமைக் கழற்றி அழிப்பானால் தேய்த்து மாட்டினால் சரியாகிவிடுகிறது. இனி இதில் செலவு செய்வது வீண், புதிதாக வாங்கிவிடுங்கள் என்று அவர் சொல்கிறார். அவர் சொல்வது சரிதானா என்று தீர்மானிக்கும் அளவுக்காவது ஒவ்வொரு பாகத்தின் வேலையையும் புரிந்துகொள்ள விரும்புகிறேன். தெரிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

மறுமொழி 1: வெண்ணாற்றுக்காரர்

சகோதரிக்கு வணக்கம். தங்கள் மகள் கேட்டிருப்பது மிகச் சரியான கேள்வி. அதற்கு விடை தெரிந்துவிட்டால், கணினி ஏன் மெதுவாக இருக்கிறது என்பதற்கும் விடை கிடைத்துவிடும். பாகங்களின் பெயர்களை வரிசையாக ஒப்பிப்பதைவிட, ஒரே ஓர் எழுத்து விசைப்பலகையிலிருந்து புறப்பட்டு எங்கெல்லாம் போகிறது என்று பின்தொடர்வது எளிது என்பதால், அப்படியே சொல்கிறேன்.

1999இல் தமிழ்நாடு அரசு ஏற்றுக்கொண்ட தமிழ்99 விசைப்பலகை முறையில் தாங்கள் தட்டச்சு செய்வதாக வைத்துக்கொள்வோம். அதில் 'க' என்ற எழுத்து, ஆங்கில எச் எழுத்து பொறித்த விசையில் இருக்கிறது. அந்த விசையை அழுத்தும்போது விசைப்பலகை 'க' என்ற எழுத்தை அனுப்புவதில்லை. எச் என்பதையும் அனுப்புவதில்லை. விசைப்பலகைக்குள் இருக்கும் சிறிய சில்லு, எந்த இடத்திலுள்ள விசை அழுத்தப்பட்டது என்பதைக் குறிக்கும் ஓர் எண்ணை மட்டும் தயாராக வைத்திருக்கிறது. யுஎஸ்பி விசைப்பலகைகளில் இந்த விசைக்கான எண் 11. கணினி, பெரும்பாலும் வினாடிக்கு 125 முறை, ஏதேனும் அழுத்தப்பட்டதா என்று விசைப்பலகையைக் கேட்டுக்கொண்டே இருக்கிறது. அப்படிக் கேட்கும் அடுத்த தடவையில் 11 என்ற விடை போய்ச் சேர்கிறது. அந்த எண்ணைத் தமிழ் எழுத்தாகப் புரிந்துகொள்வது இயக்க முறைமையும் அதிலுள்ள தமிழ்99 மென்பொருளும் ஆகும். அவை 11 என்பதை, ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் தரும் ஒருங்குறியில் (யூனிகோட்) 'க' எழுத்துக்குரிய எண்ணாகிய 2965 ஆக மாற்றுகின்றன. மாற்றும் வேலையைச் செய்வது செயலி, அதாவது பாடநூலின் மையச் செயலகம். மாற்றப்பட்ட எண் போய் உட்காரும் இடம் ரேம், அதாவது பாடநூலின் நினைவகம்.

அந்த எண்ணை வடிவமாகத் திரையில் காட்ட வேண்டும். எழுத்துருக் கோப்பில் 'க'வின் கோடுகளும் வளைவுகளும் கணக்குகளாக எழுதப்பட்டிருக்கின்றன. அவற்றைப் புள்ளிகளாக மாற்றி, திரை முழுவதற்குமான படம் நினைவகத்தின் ஒரு பகுதியில் அமைக்கப்படுகிறது. 1920 பெருக்கல் 1080 புள்ளிகள் கொண்ட திரைக்கு, புள்ளி ஒன்றுக்கு 4 பைட் வீதம், இந்தப் படம் ஏறத்தாழ 83 இலட்சம் பைட் இடத்தை எடுத்துக்கொள்கிறது. தங்கள் கணினியில் தனி கிராபிக்ஸ் அட்டை இல்லை என்று கருதுகிறேன். அப்படியானால் படம் தீட்டும் பகுதி செயலிக்குள்ளேயே அமைந்திருக்கிறது, அதற்கு வேண்டிய இடத்தையும் அது ரேமிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. வினாடிக்கு 60 முறை அந்தப் படம் முழுவதும் படிக்கப்பட்டு, கம்பி வழியாகத் திரைக்குப் போகிறது.

இவ்வளவும் நடந்த பிறகும் 'க' என்ற எழுத்து ஹார்டு டிஸ்க்கில் இல்லை என்பதைத் தங்கள் மகள் கவனிக்க வேண்டும். இந்த நேரத்தில் மின்சாரம் போனால் அந்த எழுத்து போய்விடும். ரேமில் ஒவ்வொரு பிட்டும், டிரான்சிஸ்டர் ஒன்றும் நுண்ணிய மின்தேக்கி ஒன்றும் சேர்ந்த அறையில் மின்னூட்டமாக வைக்கப்பட்டிருக்கிறது. ஐபிஎம் நிறுவனத்தில் பணியாற்றிய ராபர்ட் டென்னார்டு 1968இல் காப்புரிமை பெற்ற அமைப்பு இது. அந்த மின்னூட்டம் தானாகவே கசிந்துகொண்டிருக்கும் என்பதால், பொதுவாக 64 மில்லி வினாடிக்குள் ஒருமுறை ஒவ்வோர் அறையையும் படித்து மீண்டும் நிரப்பியாக வேண்டும். மின்சாரம் நின்றால் நிரப்புவதும் நின்றுவிடும். தாங்கள் சேமிப்பு ஆணை கொடுத்து, பரவலாகப் பயன்படும் யுடிஎஃப்-8 முறையில் அந்த எழுத்து 224, 174, 149 என்ற மூன்று பைட்களாக மாறி, வட்டின் மேற்பரப்பில் காந்தத் திசைகளாகப் பதிந்த பிறகுதான் அது நிலைபெறுகிறது.

அப்படியானால் எல்லாவற்றையும் நேராக வட்டிலேயே வைத்துக்கொள்ளலாமே என்று அவள் கேட்பாள். அங்கேதான் செயலியின் வேகம் குறுக்கே வருகிறது. செயலி செய்வது அடிப்படையில் மூன்றே காரியங்கள்: நினைவகத்திலிருந்து ஒரு கட்டளையை எடுப்பது, அது என்ன கட்டளை என்று பிரித்தறிவது, அதைச் செய்து முடிப்பது. கட்டளைகளும் மிகச் சிறியவை. இரண்டு எண்களைக் கூட்டு, இதையும் அதையும் ஒப்பிடு, இங்கிருப்பதை அங்கே வை என்ற அளவில்தான் இருக்கும். நிரலையும் தரவையும் ஒரே நினைவகத்தில் வைத்து இப்படி ஒவ்வொன்றாக எடுத்துச் செய்யும் அமைப்பு, ஜான் வான் நியூமன் 1945இல் எழுதிய எட்வாக் கணினி பற்றிய அறிக்கையில் விவரிக்கப்பட்டது. மகளின் பாடநூல் படத்துக்கு மூலமும் அதுவே. தங்கள் ஐ3-6100 செயலியின் கடிகாரம் வினாடிக்கு 370 கோடி முறை துடிக்கிறது. ஒரு துடிப்பு நேரத்தில் ஒளியே ஏறத்தாழ 8 சென்டிமீட்டர்தான் நகர முடியும். ஆகவே அடிக்கடி தேவைப்படுவதைச் செயலியின் உள்ளேயே வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. அதற்காகவே அதனுள் 3 எம்பி இடைநிலை நினைவகம் இருக்கிறது.

ஒரு துடிப்பை ஒரு வினாடியாக நீட்டிக் கணக்கிட்டுப் பாருங்கள். அந்தக் கணக்கில், ரேமிலிருந்து ஒரு தகவல் வந்து சேர ஏறத்தாழ ஐந்து நிமிடம் ஆகும். எஸ்எஸ்டி எனப்படும் திண்மநிலைச் சேமிப்பகத்திலிருந்து வர நான்கு நாட்களுக்குமேல் ஆகும். சுழலும் ஹார்டு டிஸ்க்கிலிருந்து வர ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு ஆகும். அவ்வளவு காலமும் அந்தத் தகவலை வேண்டிய நிரல் சும்மா காத்திருக்கிறது. வேகமானது விலை மிகுந்தது, அதனால் சிறியது. மலிவானது பெரியது, அதனால் மெதுவானது. இரண்டையும் அடுக்கடுக்காக வைத்துத்தான் தீர வேண்டும் என்பதை வான் நியூமனும் அவருடன் பணியாற்றியவர்களும் 1946ஆம் ஆண்டு அறிக்கையிலேயே எழுதிவிட்டார்கள்.

இப்போது தங்கள் சிக்கலுக்கு வருகிறேன். நிமிடத்துக்கு 7200 முறை சுழலும் வட்டு ஒரு சுற்றை முடிக்க 8.3 மில்லி வினாடி ஆகிறது. படிக்கும் முனை உரிய தடத்துக்கு நகர்ந்து, வேண்டிய இடம் சுழன்று அதன் கீழே வரும்வரை சராசரியாக 13 மில்லி வினாடி போய்விடுகிறது. அதாவது, வட்டின் வெவ்வேறு மூலைகளில் கிடக்கும் சிறு சிறு துண்டுகளை எடுக்க வேண்டியிருந்தால், வினாடிக்கு ஏறத்தாழ 75 துண்டுகளைத்தான் அதனால் எடுக்க முடியும். ஒவ்வொரு துண்டும் 4 கிலோ பைட் என்றால், வினாடிக்கு 300 கிலோ பைட்தான் கிடைக்கும். பெரிய திரைப்படக் கோப்பு ஒன்றை வரிசையாகப் படிக்கும்போது வினாடிக்கு 100 எம்பிக்கு மேல் தரும் அதே வட்டு, விண்டோஸ் தொடங்கும்போது இவ்வளவு தடுமாறுவதற்குக் காரணம் இதுதான். 4 ஜிபி ரேம் நிரம்பிவிட்டாலோ நிலைமை இன்னும் மோசமாகும். இயக்க முறைமை, உடனே தேவைப்படாத பகுதிகளை 4 கிலோ பைட் பக்கங்களாக ரேமிலிருந்து எடுத்து வட்டில் வைக்கும், தேவைப்படும்போது மீண்டும் எடுத்து வரும். அப்போது ரேமுக்குப் பதிலாக வட்டே நினைவகத்தின் வேலையைச் செய்ய வேண்டியதாகிவிடுகிறது. உலாவியில் பக்கங்கள் அசைய மறுப்பது பெரும்பாலும் இதனால்தான். செயலியின் மேல் குற்றம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

மறுமொழி 2: பட்டறைமேசை

வணக்கம். கணினிப் பழுதுநீக்கும் தொழிலில் இருப்பவன் என்ற முறையில், மேலே நண்பர் சொன்னதை நடைமுறையில் சோதித்துப் பார்க்கும் வழியைச் சொல்கிறேன். எதையும் வாங்குவதற்கு முன் இதைச் செய்யுங்கள்.

கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். கணினி திணறும் நேரத்தில் அதிலுள்ள செயலி, நினைவகம், வட்டு ஆகியவற்றின் அளவுகளைக் குறித்துக்கொள்ளுங்கள். வட்டு 100 விழுக்காட்டிலேயே நின்று, செயலி பத்து இருபது விழுக்காட்டில் இருந்தால், செயலி வட்டுக்காகக் காத்திருக்கிறது என்று பொருள். அடுத்ததாக, கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளை நிறுவி வட்டின் உடல்நிலையைப் பாருங்கள். மறு ஒதுக்கீடு செய்யப்பட்ட பிரிவுகள் (பழுதானதால் வேறு இடத்துக்கு மாற்றப்பட்டவை), நிலுவையிலுள்ள பிரிவுகள் (சரியாகப் படிக்க முடியாமல் ஐயத்தில் உள்ளவை) ஆகிய இரண்டும் சுழியமாக இருந்தால் நல்லது. நிலுவைப் பிரிவுகள் இருப்பதாகக் காட்டினால் வேறு எந்த வேலையையும் தொடங்காமல், முதலில் கணக்குக் கோப்புகளை வெளி வட்டு ஒன்றில் படியெடுத்துவிடுங்கள். பிறருடைய கணக்குகளை வைத்திருப்பவர் இதில் ஒரு நாள்கூடத் தாமதிக்கக் கூடாது.

தேதி மாறுவதற்குக் காரணம், பாகங்களையெல்லாம் இணைக்கும் பெரிய மின்சுற்றுப் பலகையாகிய தாய்ப்பலகையில் உள்ள பொத்தான் வடிவ மின்கலம். அதன் மேல் சிஆர்2032 என்று அச்சிட்டிருக்கும்; 20 மில்லி மீட்டர் விட்டமும் 3.2 மில்லி மீட்டர் தடிமனும் உள்ள 3 வோல்ட் மின்கலம் அது. கணினி அணைந்திருக்கும்போது கடிகாரத்தை ஓட்டுவது அதன் வேலை. சுவர் சுவிட்ச் போட்டிருக்கும்வரை, எஸ்எம்பிஎஸ் எனப்படும் மின்வழங்கிப் பெட்டி தரும் காத்திருப்பு மின்சாரமே கடிகாரத்தைக் காப்பாற்றிவிடுவதால், மின்கலம் செத்துப்போனது வெளியே தெரியாது. சுவிட்சை அணைத்த மறுநாள்தான் தெரியும். தாங்கள் எழுதியிருக்கும் அறிகுறி துல்லியமாக இதுவே. இணையதளங்கள் திறக்க மறுப்பதும் இதனால்தான்: ஒவ்வொரு தளத்தின் பாதுகாப்புச் சான்றிதழுக்கும் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு, கணினியின் தேதி அந்த எல்லைக்கு வெளியே இருந்தால் உலாவி அந்தத் தளத்தை நம்ப மறுத்துவிடும். மின்கலத்தின் விலை மிகவும் குறைவு. இதற்காக ஒரு கணினியையே மாற்றச் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

திரை வராமல் போவதைப் பற்றி: பொத்தானை அழுத்தியதும் விண்டோஸுக்கு முன்பே, தாய்ப்பலகையில் ஒரு சில்லுக்குள் எழுதப்பட்டிருக்கும் பயாஸ் மென்பொருள் விழித்துக்கொண்டு, ரேம், திரைக்கான பகுதி, விசைப்பலகை ஆகியவை ஒழுங்காக இருக்கின்றனவா என்று சோதிக்கிறது. ரேம் துண்டின் தங்க முலாம் பூசிய தொடுமுனைகளில் அழுக்கோ ஈரப்பதமோ படிந்து தொடர்பு விட்டுப்போனால், அந்தச் சோதனையிலேயே கணினி நின்றுவிடும். ஆகவே மின்விசிறி சுழலும், திரை இருண்டிருக்கும். அழிப்பானால் தேய்ப்பது நம் ஊர்க் கடைகளில் எல்லோரும் செய்வதுதான், பலனும் தருகிறது. ஆனால் அந்த முலாம் மிக மெல்லியது, அடிக்கடி தேய்த்தால் தேய்ந்துவிடும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நனைத்த மென்மையான துணியால் துடைத்து, செருகும் இடத்திலுள்ள தூசியைத் தூரிகையால் நீக்கி, இருபுறமும் கொக்கி பூட்டும் ஒலி கேட்கும்வரை அழுத்திப் பொருத்துவதே சரியான முறை.

வாங்க வேண்டியவை இரண்டு என்று நினைக்கிறேன். முதலாவது எஸ்எஸ்டி. சாட்டா எனப்படும், வட்டுகளைத் தாய்ப்பலகையோடு இணைக்கும் வழக்கமான இணைப்புள்ள 2.5 அங்குல எஸ்எஸ்டி இந்தத் தாய்ப்பலகையில் நிச்சயம் பொருந்தும். வரிசையாகப் படிக்கும்போது வினாடிக்கு 550 எம்பி அளவுக்குத்தான் வேகம் தரும் என்றாலும், அதில் நகரும் முனை எதுவும் இல்லை என்பதால் சிறு துண்டுகளை எடுக்கும் வேலையில் ஹார்டு டிஸ்க்கைவிடப் பல நூறு மடங்கு முந்திவிடும். எம்.2 வடிவில் மெல்லிய பட்டையாக வருவதை வாங்குவதானால் முதலில் பலகையில் அதற்கான இடம் இருக்கிறதா என்றும், இருந்தால் அது சாட்டா வகையை ஏற்கிறதா, அதைவிட வேகமான என்விஎம்இ வகையை ஏற்கிறதா என்றும் பார்க்க வேண்டும். தோற்றத்தில் ஒன்றுபோல் இருந்தாலும் ஒன்றின் இடத்தில் மற்றொன்று வேலை செய்யாது.

இரண்டாவது ரேம். தங்கள் செயலி டிடிஆர்4, டிடிஆர்3எல் ஆகிய இரு வகைகளையும் ஏற்கக்கூடியது. ஆனால் தாய்ப்பலகை அவற்றில் ஒன்றுக்கென்று செய்யப்பட்டிருக்கும். இரண்டுக்கும் வெட்டுப்பள்ளம் வெவ்வேறு இடத்தில் இருக்கும். ஆகவே இப்போது உள்ள துண்டைக் கழற்றி, அதன் ஒட்டுச்சீட்டைப் படம் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். அதே வேகமுள்ள ஒரு 4 ஜிபி துண்டைக் கூடுதலாகப் போட்டால் 8 ஜிபி ஆகிவிடும். இரண்டு துண்டுகளும் இணைந்து செயல்படுவதால் செயலிக்கும் ரேமுக்கும் இடையே தகவல் போகும் வழியும் இரட்டிப்பாகும்.

எஸ்எம்பிஎஸ்ஸையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். வீட்டுக்கு வரும் 230 வோல்ட் மாறுமின்சாரத்தை 12, 5, 3.3 வோல்ட் நேர்மின்சாரமாக மாற்றுவது அதுவே. பெட்டியின் மேல் 450 வாட் என்று பெரிதாக அச்சிட்டிருப்பதை நம்பாமல், ஒட்டுச்சீட்டில் 12 வோல்ட்டுக்கு நேரே எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். 16 ஆம்பியர் என்றிருந்தால், செயலிக்கும் மின்விசிறிகளுக்கும் கிடைப்பது 192 வாட்தான். தங்கள் கணினிக்கு அதுவே தாராளமாகப் போதும் என்றாலும், பிற்காலத்தில் கிராபிக்ஸ் அட்டை போட நினைத்தால் இந்தக் கணக்கு உதவும்.

மறுமொழி 3: மலைக்கோட்டை

முன்னர் எழுதிய இருவரின் விளக்கமும் சிறப்பு. ஆயினும் கடைக்காரர் பக்கமும் ஒரு நியாயம் இருப்பதைச் சொல்லியாக வேண்டும். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11க்கு மைக்ரோசாஃப்ட் ஏற்கும் இன்டெல் கோர் செயலிகள் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் தொடங்குகின்றன. ஐ3-6100 ஆறாம் தலைமுறையைச் சேர்ந்தது. பிறருடைய கணக்குகளையும் வரி விவரங்களையும் கையாளும் கணினியில் பாதுகாப்புத் திருத்தங்கள் வராமல் போவது சிறிய விஷயமன்று. லினக்ஸ் மின்ட் போன்ற இயக்க முறைமையை நிறுவினால் இதே பாகங்கள் இன்னும் பல ஆண்டுகள் பாதுகாப்பாக உழைக்கும், தமிழ்99 தட்டச்சும் அதில் உண்டு. ஆனால் தாங்கள் பயன்படுத்தும் கணக்கு மென்பொருள் விண்டோஸில் மட்டுமே இயங்குவதாக இருந்தால், தொழிலுக்கு ஒரு புதிய கணினியும், மகளின் படிப்புக்கு இந்தப் பழைய கணினியும் என்று பிரித்துக்கொள்வதே நல்லது என்பது என் கருத்து. அப்படிச் செய்தாலும் எஸ்எஸ்டிக்குச் செலவிடும் பணம் வீணாகாது. சாட்டா எஸ்எஸ்டியை நாளை வேறு கணினியிலும் மாட்டிக்கொள்ளலாம்.

நொய்யல்கரை

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. சொன்னபடி டாஸ்க் மேனேஜரைப் பார்த்தோம். கணினி திணறும்போது வட்டு 100 விழுக்காட்டிலேயே நிற்கிறது, செயலி 12 விழுக்காட்டைத் தாண்டவில்லை, நினைவகம் 3.9 ஜிபியில் 3.6 ஜிபி நிரம்பியிருக்கிறது. வட்டின் உடல்நிலை நன்றாக இருப்பதாக மென்பொருள் காட்டுகிறது. இருந்தாலும் கணக்குகளைப் படியெடுத்துவிட்டேன். என் கணக்கு மென்பொருள் விண்டோஸில்தான் இயங்கும் என்பதால், மலைக்கோட்டை அவர்கள் சொன்னபடி பிரித்துக்கொள்வதாகவே முடிவு செய்திருக்கிறோம். இந்தக் கணினி மகளுக்கு.

அவளுக்கு இப்போது மேலும் மூன்று கேள்விகள். 4 ஜிபி ரேம் ஏன் 3.9 ஆகத் தெரிகிறது? 500 ஜிபி வட்டு ஏன் 465 ஜிபி என்று தெரிகிறது? பெட்டியைத் திறந்து அவளே எஸ்எஸ்டியையும் ரேமையும் மாட்டலாமா, அதில் ஆபத்து ஏதும் உண்டா?

மறுமொழி 4: வெண்ணாற்றுக்காரர்

மகளுக்கு என் வாழ்த்துகள். முதல் இரண்டு கேள்விகளும் ஒன்றுபோல் தோன்றினாலும் காரணங்கள் வேறு. ரேமில் குறையும் பகுதியை வன்பொருள் தனக்கென்று ஒதுக்கிக்கொண்டிருக்கிறது. திரைக்கான படத்தைப் பற்றி முன்பு சொன்னேன் அல்லவா, அதற்கான இடமும் அந்த ஒதுக்கீட்டில் அடங்கும். வட்டில் எதுவும் குறையவில்லை. வட்டு செய்பவர் ஜிபி என்பதை 100 கோடி பைட் என்று எண்ணுகிறார். விண்டோஸோ 1024ஐ மும்முறை பெருக்கி வரும் 107,37,41,824 பைட்களை ஒரு ஜிபி என்று எண்ணுகிறது. 50,000 கோடியை அந்த எண்ணால் வகுத்தால் 465 சொச்சம் வரும். கால்குலேட்டர் இல்லாமல் தாளில் வகுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

பெட்டியைத் திறப்பதில் ஆபத்து அதிகம் இல்லை, இரண்டு விதிகளை மீறாமல் இருந்தால். மின்கம்பியைச் சுவரிலிருந்து முழுவதுமாகப் பிடுங்கிவிட வேண்டும். கணினியை அணைத்தால் மட்டும் போதாது, ஏனெனில் அணைந்த நிலையிலும் எஸ்எம்பிஎஸ் 5 வோல்ட் காத்திருப்பு மின்சாரத்தைப் பலகைக்குத் தந்துகொண்டே இருக்கும். பிடுங்கிய பிறகு தொடக்கப் பொத்தானைச் சில வினாடிகள் அழுத்திப் பிடித்தால் பலகையில் மிஞ்சியிருக்கும் மின்னூட்டம் வடிந்துவிடும். எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் எக்காரணம் கொண்டும் திறக்கக் கூடாது. 300 வோல்ட்டுக்கு மேல் தாங்கும் மின்தேக்கிகள் அதற்குள் இருக்கின்றன, கம்பியைப் பிடுங்கிய பின்னும் அவற்றில் மின்னூட்டம் தங்கியிருக்கலாம். எந்தப் பாகத்தையும் கையில் எடுக்குமுன் பெட்டியின் வண்ணம் பூசாத உலோகப் பகுதியைத் தொட்டுவிட்டால், உடலில் உள்ள நிலைமின்சாரம் அதில் இறங்கிவிடும்.

உள்ளே பார்க்கும்போது, மின்விசிறியின் கீழே உலோகக் குளிர்விப்பானும், அதன் கீழே செயலியும் இருக்கும். செயலி கணக்குப் போடும்போது 51 வாட் வரை வெப்பம் வெளியாகும் என்பதால், வெப்பத்தைக் கடத்தும் பசை ஒன்றை இடையில் தடவி அதைக் குளிர்விப்பானோடு ஒட்டியிருப்பார்கள். செயலியை இப்போது கழற்ற வேண்டிய தேவை இல்லை. குளிர்விப்பானின் இடுக்குகளில் அடைந்திருக்கும் தூசியைத் தூரிகையால் நீக்கினால் போதும். செயலிக்கு மிக அருகே நீளமான இரண்டு செருகுமிடங்கள் தெரியும். ரேமுக்கான இடம் அது. ரேமோடு பேசும் பகுதி செயலிக்குள்ளேயே இருக்கிறது, அதனால் இரண்டுக்கும் இடையிலான செப்புத் தடங்களை இயன்றவரை குட்டையாக வைக்கிறார்கள். சற்றுத் தள்ளி, சிறிய குளிர்விப்பான் தகடு ஒன்றின் அடியில் இருப்பது சிப்செட். விசைப்பலகை செருகியிருக்கும் யுஎஸ்பி, வட்டுகள் இணையும் சாட்டா, ஒலி, இணையம் ஆகியவை இந்தச் சிப்செட் வழியாகவே செயலியை அடைகின்றன. பாடநூல் படத்தில் அம்புக்குறிகளாக இருப்பவை இந்தத் தடங்கள்தான். பலகையைச் சாய்த்து வெளிச்சத்தில் பார்த்தால், ரேமுக்கும் செயலிக்கும் இடையே சில தடங்கள் வேண்டுமென்றே பாம்புபோல் நெளிந்து போவது தெரியும். நீளம் குறைந்த தடங்களை அப்படி நெளியவிட்டு, எல்லாத் தடங்களின் நீளத்தையும் சமமாக்கியிருப்பார்கள். ஒரே நேரத்தில் புறப்படும் 64 பிட்களும் ஒரே நேரத்தில் போய்ச் சேர வேண்டும் என்பதற்காக.

பலகையின் ஓரத்தில் வட்டமாக மின்னும் மின்கலத்தையும் அவளே மாற்றட்டும். எழுத்துள்ள பக்கம் மேலே இருக்க வேண்டும். மாற்றிய பின் முதல்முறை கணினியைத் தொடங்கும்போது பயாஸ் அமைப்புக்குள் போய்த் தேதியையும் நேரத்தையும் சரிசெய்துவிட்டு, சாட்டா என்ற பகுதியில் ஏஎச்சிஐ (கணினி சாட்டா வட்டுகளோடு பேசும் ஒரு முறை) என்ற தெரிவு இருக்கிறதா என்று பாருங்கள். அது வேறாக இருந்தால், லினக்ஸ் நிறுவுவதற்கு முன்பே மாற்றிவிடுவது எளிது; விண்டோஸை அப்படியே எஸ்எஸ்டிக்குப் படியெடுப்பதாக இருந்தால் மாற்றாமல் விட்டுவிடுங்கள், பாதியில் மாற்றினால் விண்டோஸ் தொடங்காமல் போகக்கூடும்.

எஸ்எஸ்டிக்கு மாறிய பிறகு பழைய ஹார்டு டிஸ்க்கை உடனே அழித்துவிட வேண்டாம். ஓரிரு வாரங்கள் எல்லாம் ஒழுங்காக நடக்கின்றனவா என்று பார்த்த பின், அதைப் படியெடுப்புக்கான வட்டாக வைத்துக்கொள்ளுங்கள். எஸ்எஸ்டியில் தகவல் மின்னூட்டமாகவே அடைபட்டிருப்பதால், மின்சாரமே கொடுக்காமல் ஆண்டுக்கணக்கில் அலமாரியில் போட்டுவைக்க அது ஏற்றதன்று. அந்த வேலைக்குக் காந்த வட்டே மேல். சாட்டாவை யுஎஸ்பியாக மாற்றும் கம்பி ஒன்று வாங்கினால், பெட்டியைத் திறக்காமலே வேண்டும்போது இணைத்துக்கொள்ளலாம். தங்களுடைய வட்டு 3.5 அங்குல வகை என்றால் அதற்கு 12 வோல்ட்டும் தேவைப்படும். ஆகவே தனி மின்னிணைப்போடு வரும் கம்பியாகக் கேட்டு வாங்குங்கள்.